மூன்று விநாடியும் ஒரு மணி நேரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிரமுகர்கள் பழைய சாதனையைக் கூட்டிச் சொல்லி அகப்பட்டுக்கொண்டால், "வருடங்கள் ஆகிவிட்டன, நினைவு பிசகிவிட்டது" என்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு பால் ரயன்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

2012 அமெரிக்கத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் அவர். அந்த ஆகஸ்டில் ஒரு வானொலிப் பேட்டியில், மாரத்தானை இரண்டு மணி ஐம்பது சொச்சம் நிமிடத்தில் ஓடியதாகச் சொன்னார். ஓட்டக்காரர்களுக்கான பத்திரிகை ஒன்று பழைய முடிவுப் பட்டியலைத் தேடி எடுத்தது. அவர் ஓடியது ஒரே ஒரு மாரத்தான், 1990-இல், மினசோட்டாவின் டுலூத் நகரில். நேரம் 4 மணி 1 நிமிடம் 25 விநாடி.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தவன் நான். 42.195 கிலோமீட்டரை மூன்று மணிக்குள் முடிக்க, ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஏறக்குறைய 4 நிமிடம் 16 விநாடியில் கடக்க வேண்டும். நான்கு மணி என்றால் 5 நிமிடம் 41 விநாடி போதும். இரண்டும் வேறு வேறு உடம்பு, வேறு வேறு பயிற்சி. மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து உழைத்தால்தான் முதலாவது கைகூடும். உழைக்காத உழைப்பு எப்படி நினைவில் வரும்?

சின்னப் பிசகு நேரும் என்பதை நான் மறுக்கவில்லை. மாவட்டப் போட்டியில் 1500 மீட்டரை 4 நிமிடம் 28 விநாடியில் ஓடினேன் என்று வெகுகாலம் மாணவர்களிடம் சொல்லிவந்தேன். பணி ஓய்வு பெற்றபின் சான்றிதழ் கையில் கிடைத்தது. அதில் 4 நிமிடம் 31. அந்த மூன்று விநாடியும் எனக்குச் சாதகமாகவே நழுவியிருந்தது என்பது இன்றும் உறுத்துகிறது. என் நேரத்தை எட்ட முயன்று 4 நிமிடம் 30-இல் முடித்து, தோற்றுவிட்டதாக மைதானத்தின் ஓரத்தில் அழுத மாணவன் ஒருவன் உண்டு. உண்மையில் அவன் என்னை வென்றிருந்தான். சான்றிதழைப் பார்த்த அன்றே அவனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

ரயனும் தவறை ஒப்புக்கொண்டார். முழு எண்ணாக்குவதென்றால் நான்கு மணி என்றே சொல்லியிருக்க வேண்டும், மூன்று என்றல்ல என்றார். ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தை மறதி என்று ஏற்க என் மனம் இடம் கொடுக்கவில்லை.

அவர் விஷயத்தில் முடிவுப் பட்டியல் இருந்தது, தேடிப் பார்க்க ஒரு பத்திரிகையும் இருந்தது. நம் மேடைகளிலும் "மாநில அளவில் ஆடியவன்", "தங்கம் வென்றவன்" என்று பேசுகிறார்கள். அது மறுநாள் அப்படியே அச்சாகிறது. எந்த ஆண்டு, எந்த மைதானம், என்ன நேரம் என்று உங்கள் நிருபர்களை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.