அட்டைக்கு உப்பு எடுத்துவரச் சொல்கிறீர்கள், உண்ணிக்கு?

மலையேற்றக் குழுக்களை நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். பதினோரு வருஷமாக உங்களில் பலரோடு மலை ஏறியிருக்கிறேன். வெள்ளி ராத்திரி பஸ் பிடித்து, சனிக்கிழமை விடியலில் அடிவாரத்தில் இறங்கி, ஞாயிறு ராத்திரி முழங்கால் வலியோடு வீடு திரும்பும் சுகத்தை எனக்குக் காட்டியவர்கள் நீங்கள்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்கள் அனுப்பும் பட்டியல் எனக்கு மனப்பாடம். மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, டார்ச், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 உயிர்கள் தீயில் போன பிறகு காட்டுத்தீயைப் பற்றியும் கவனமாகச் சொல்கிறீர்கள். உண்ணியைப் பற்றி மட்டும் எந்தப் பட்டியலிலும் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

போன ஜனவரியில் ஒரு குழுவோடு கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் இருக்கும் கொடசாத்ரி போயிருந்தேன். மூகாம்பிகையைக் கும்பிட கொல்லூர் போகிறவர்களுக்குத் தெரிந்த மலை. ஹிட்லுமனை அருவி வழியாக ஏறி, இடுப்பளவு புல்லுக்குள் நடந்து, மறுநாள் இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கூட வந்த தம்பி ஒருவன் முழங்காலின் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்தால் எள்ளளவு கறுப்பு. மச்சம் என்றுதான் முதலில் நினைத்தான். உற்றுப் பார்த்தபோது அதற்குக் கால்கள் இருந்தன.

வழிகாட்டி நல்ல மனிதர், பதறவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினார், அது அசையவில்லை. ஊக்கை லைட்டரில் சூடாக்கி, "சூடு பட்டா தானா விட்டுடும்" என்று அதன் முதுகில் வைத்தார். பிறகு விரலால் கிள்ளி இழுத்தார். உடல் கையோடு வந்தது, வாய் தோலுக்குள்ளேயே நின்றுவிட்டது. வந்த உடலைப் பேன் குத்துவதுபோல இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்கி, பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். உதவி என்று அவர் செய்த ஒவ்வொன்றும் செய்யக்கூடாதது. எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை, எனக்கும்தான்.

டீக்கடை அம்மா பாய்லரை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். "மங்கன காயிலெ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குரங்குக் காய்ச்சல். அந்த ஊர்க்காரர்களுக்கு அது இன்றைய செய்தி அல்ல. 1957-ல் அதே சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, அடுத்து விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போனவர்கள் விழுந்தார்கள். உண்ணி வழியே பரவும் ஒரு வைரஸ் என்று அப்போது கண்டுபிடித்து, நோய்க்கு அந்தக் காட்டின் பெயரையே வைத்தார்கள். 2012-லிருந்து பந்திப்பூர், வயநாடு என்று நம் எல்லையோரக் காடுகளிலும் தலைகாட்டியிருக்கிறது. நோய் கண்ட நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. காய்ச்சலையும் ரத்தக்கசிவையும் சமாளித்துக் காப்பாற்றுவதுதான் வைத்தியம்.

நாம் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அட்டை மழைக்கு வருகிறது. இந்த நோயைப் பரப்பும் உண்ணியின் இளம் பருவம் மழை ஓய்ந்து புல் காயும்போது வருகிறது. டிசம்பர் தொடங்கி மே வரை. அதாவது, "அட்டை இருக்காது, தைரியமா வாங்க" என்று நீங்கள் அழைக்கும் அதே மாதங்கள். அந்தப் பருவத்து உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். குதிக்காது, பறக்காது. புல் நுனியில் முன்னங்காலை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிற உடம்பில் தொற்றிக்கொள்ளும். கடிப்பதும் தெரியாது, எச்சிலோடு மரத்துப்போகச் செய்யும் பொருளையும் சேர்த்தே இறக்கிவிடுகிறது.

எண்ணெயும் சூடும் ஏன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்ணியின் வாய், தூண்டில் முள்போலப் பின்னோக்கிய பற்கள் கொண்டது. போதாததற்குப் பசைபோல ஒன்றைச் சுரந்து தோலோடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சும் அடிக்கடி விடாது என்பதால் எண்ணெயில் சீக்கிரம் திணறாது. சூடு வைத்தாலோ அமுக்கினாலோ உள்ளே இருப்பதை நம் ரத்தத்திலேயே கக்கிவிடலாம். உப்பு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

உண்ணியை எடுக்கக் கூர்முனை உள்ள பிளக்கர், அதாவது சின்ன இடுக்கி, ஒன்று போதும். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டி அதன் வாய்ப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும். திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், ஒரே சீராக நேர்மேலே இழுக்க வேண்டும். தோல் கூடாரம்போலக் கொஞ்சம் எழும்பும், அப்படியே பிடித்திருந்தால் விட்டுவிடும். வாய்த்துண்டு உள்ளே நின்றுபோய், பிளக்கருக்கும் எளிதாகச் சிக்கவில்லை என்றால் ஊசி வைத்துக் குடைய வேண்டாம், தோலே அதைத் தள்ளிவிடும். கடிவாயையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உண்ணியை நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடலாம், இல்லையென்றால் செல்லோடேப்புக்குள் ஒட்டி மடித்துவிடலாம். பிளக்கர் இல்லாத இடத்தில் ஒரு துணியையோ டிஷ்யூவையோ வைத்தாவது பிடியுங்கள், வெறும் விரல் வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் டெங்கு, மலேரியா, டைபாய்டு என்று வரிசையாகப் பார்த்தார்கள். காட்டுக்குப் போய்வந்ததை அவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான் போன் செய்து சொல்லச் சொன்ன பிறகுதான் ரத்தத்தைக் குரங்குக் காய்ச்சல் சோதனைக்கு அனுப்பினார்கள். இல்லை என்று முடிவு வந்தது. அந்த நான்கு நாள் அவன் அம்மா தூங்கவில்லை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான உண்ணிக்கடி நான்கு நாள் அரிப்போடு போய்விடும். ஆனால் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிறோமே, ஸ்க்ரப் டைபஸ், அதுவும் புதரில்தான் தொற்றுகிறது. அதைப் பரப்புவது உண்ணி அல்ல, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவம். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு சிலருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருக்கும். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படுகிற நோய், தாமதித்தால் உயிரையே எடுக்கும். "புதருக்குள் நடந்தேன்" என்று டாக்டரிடம் சொல்வது இரண்டுக்கும் உதவும்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவில்லை. முதலுதவிப் பையில் இரண்டு பிளக்கர் வையுங்கள். வெளிர்நிற முழுக்கால் பேண்ட்டும், அதைச் சாக்ஸுக்குள் செருகுவதும் கட்டாயம் என்று எழுதுங்கள். டீட் கலந்த பூச்சிவிரட்டியைப் பட்டியலில் சேருங்கள். புகைப்படத்துக்காகச் சருகில் படுக்க விடாதீர்கள். செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள். வண்டி ஏறுமுன் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஆணும் பெண்ணும் தனித்தனியாக மறைவிடத்தில் காதோரம், அக்குள், தொப்புள், இடுப்புப்பட்டி, முழங்கால் மடிப்பு என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் குளித்து, துணியை வெந்நீரில் போடட்டும்.

குழுவின் வாட்ஸ்அப்பைப் படங்கள் பகிர்ந்ததோடு மூடிவிடாமல் இரண்டு வாரம் வைத்திருங்கள். ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் "யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று ஒரு வரி கேளுங்கள்.

அந்த வழிகாட்டியிடம் இதையெல்லாம் நேரில் பேசினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எந்த மாதிரி பிளக்கர் வாங்கணும்?" புருவம் திருத்தும் பட்டைமுனை சரிப்படாது, ஊசிமுனையாக இருக்க வேண்டும். ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளி பஸ் ஏறும் இடத்தில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு மலை ஏறும் ஒருத்தி