400 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: இடைநேரங்களையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 25 வயது முதல் கலந்துகொள்ளும் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகளின் முடிவுகள் நாளிதழில் வருவது மகிழ்ச்சி. ஆனால் 200, 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு மொத்த நேரத்தை மட்டும் போட்டால் பாதிச் செய்திதான் கிடைக்கிறது. ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஆன நேரத்தையும் சேர்த்துப் போட வேண்டும். 400 மீட்டரை 6 நிமிடத்தில் முடித்த இருவரில் ஒருவர் சீராக நீந்தியிருப்பார். மற்றவர் முதல் 100-இல் பறந்துவிட்டு, கடைசி 150 மீட்டரில் கை தூக்க முடியாமல் திணறியிருப்பார். அந்த இரண்டாமவர் இன்னும் குறைந்த நேரத்தில் முடிக்கக்கூடியவர். மொத்த நேரம் அதைக் காட்டாது.

50 மீட்டர் குளத்தில் 6 நிமிட இலக்கை எடுத்துக்கொள்வோம். வகுத்துப் பார்த்தால் 50-க்கு 45 விநாடி. நடைமுறையில் முதல் 50-ஐ 43, இரண்டாவதை 45, அடுத்த ஐந்தையும் 45.5, கடைசியை 44.5 விநாடியில் நீந்தினால் கணக்கு சரியாக 6 நிமிடத்தில் முடியும். முதல் 50-இல் மிச்சமாகும் 2 விநாடி டைவிலிருந்து வருவது. அதற்காகக் கையைக் கூடுதலாகச் சுழற்ற வேண்டியதில்லை. டைவ் அடித்து, நீருக்குள் உடலை நேராக நீட்டிச் சறுக்கி, மேலே வந்ததும் இரண்டாவது 50-க்கான அதே தாளத்தைப் பிடித்தாலே 43 வந்துவிடும்.

பலர் முதல் 50-ஐ 39 விநாடியிலேயே முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் உடம்பு எதிர்ப்பே காட்டாது, அதுதான் ஆபத்து. முதல் சில விநாடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் ஆற்றல் கைகொடுக்கிறது. ஆக்சிஜன் வழங்கல் முழு அளவுக்கு ஏற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் அடித்த வேகமெல்லாம் கடன். 150 மீட்டருக்குப் பிறகு அதை வட்டியோடு கட்ட வேண்டும். நீரின் குணமும் நமக்கு எதிர்தான்: எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. 5 சதவீதம் வேகம் கூட்ட சுமார் 16 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். தொடக்கத்தில் சம்பாதித்த 4 விநாடிக்காகப் பின்னால் 10 விநாடி போவது இதனால்தான்.

பந்தயம் உண்மையில் தீர்மானமாவது 200-க்கும் 300-க்கும் இடையில். தொடக்கத்தின் பரபரப்பும் இருக்காது, முடிவும் கண்ணுக்குத் தெரியாது. அதே முயற்சியோடு நீந்தினால் இங்கே வேகம் தானாகவே இறங்கும், 45.5-ஐக் காப்பாற்றவே முயற்சியைக் கூட்ட வேண்டும். சரிவின் முதல் அடையாளம் கை எண்ணிக்கை, அதாவது ஒரு 50-க்கு எத்தனை முறை கை வீசுகிறோம் என்பது. 50 மீட்டருக்கு 42 கை போட்டவர் 48-க்குப் போயிருந்தால், கை நீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று பொருள். முன்னே நீட்டிய கையின் முழங்கை தொங்கிவிடும், உள்ளங்கை பின்னோக்கித் தள்ளாமல் நீரைக் கீழ்நோக்கி அழுத்தும், இடுப்பு தாழும். இந்த நிலையில் கையை இன்னும் வேகமாகச் சுழற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. விரல் நுனி கீழே பார்க்க, முழங்கை மேலே நிற்க நீரைப் பிடித்து, இடுப்பைத் தாண்டும்வரை தள்ளி முடிக்க வேண்டும். நான்கைந்து கை இப்படிப் போட்டாலே எண்ணிக்கை இறங்கத் தொடங்கும்.

பின்பாதிக்குச் சக்தியை மிச்சம் வைத்து நீந்துவது என்றால் பின்தங்கிப் போவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலைப் பாருங்கள். பாதித் தூரத்தில் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கிதான் முன்னிலை. 300 மீட்டரிலும் அவரே. ஆஸ்திரேலியாவின் ஆரியார்ன் டிட்மஸ் ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியிலேயே தொடர்ந்து, கடைசி 100-இல் முந்தி 3:56.69-இல் தங்கம் வென்றார். லெடெக்கியின் நேரம் 3:57.36. டிட்மஸ் எங்கும் சோம்பி நீந்தவில்லை.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் 50-இல் மூச்சை அடக்கி நீந்துவது 50 மீட்டர் பந்தயத்துக்கு உரியது. 400-இல் முதல் கையிலிருந்தே, இரண்டு கைக்கு ஒருமுறை மூச்சு எடுக்க வேண்டும். சுவரை நெருங்கும்போதும், திருப்பத்திலிருந்து மேலே வந்தவுடனும் மூச்சைத் தவிர்க்கக் கூடாது. முதல் 300 மீட்டர் வரை கால்களை இலேசாக, உடலைச் சமநிலையில் வைக்கும் அளவுக்கு மட்டும் அடித்தால் போதும். தொடைத் தசை ஆக்சிஜனை விழுங்கும். அதைக் கடைசி 100-க்கு வைத்திருங்கள்.

25 மீட்டர் குளமென்றால் 15 திருப்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி போனாலும் கால் நிமிடம் போய்விடும்.

200 மீட்டர் வேறு கணக்கு. 2:48 இலக்குக்கு 39.5, 42.5, 43.2, 42.8 என்பது நியாயமான பங்கீடு. இங்கே முதல் 50-இல் கொஞ்சம் துணியலாம். மூன்றாவது 50-இல் வலி தொடங்கும்போது காலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து லேனைப் பார்த்து நீந்துவது பெரியவர்களுக்குக் குறிப்பாகப் பொருந்தாது. பல மாஸ்டர்ஸ் போட்டிகளில், பதிவுப் படிவத்தில் நாம் எழுதித் தரும் நேரத்தை வைத்தே ஹீட் (ஒன்றாக நீந்தும் குழு) பிரிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் வேறு வயதுப் பிரிவினராக இருக்கலாம். முதல் 100-இலேயே எல்லாவற்றையும் செலவழிப்பவராகவும் இருக்கலாம். வார்ம்-அப்பையும் சுருக்கக் கூடாது. 15 முதல் 20 நிமிடம், நடுவில் பந்தய வேகத்தில் நான்கு 50 வேண்டும். வயது கூடக் கூட மூச்சு ஒரு சீருக்கு வர நேரம் எடுக்கும். (நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் வேகக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு உடனே வெளியே வந்து, மருத்துவரைப் பார்ப்பதே சரி.)

இந்த வேகத்தைப் பந்தய நாளில் கண்டுபிடிக்க முடியாது. வாரம் ஒருமுறை, சுவரைத் தள்ளிப் புறப்பட்டு எட்டு 50, ஒவ்வொன்றும் 45 விநாடி, இடையில் 15 முதல் 20 விநாடி ஓய்வு. 43-இல் வருவதும் 47-இல் வருவதும் ஒரே அளவு பிழைதான். தொடர்ந்து இரண்டு 50 ஒரு விநாடிக்கு மேல் நழுவினால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்திவிடலாம். போட்டிக்கு 10 நாள் முன்பு, நான்கு 100-களை 10 விநாடி இடைவெளியில் நீந்தி, மொத்த நேரத்திலிருந்து மூன்று இடைவெளிகளுக்கான 30 விநாடியைக் கழித்துப் பாருங்கள். பதிவுப் படிவத்தில் ஆசைப்படும் நேரத்தை எழுதாமல் அந்த எண்ணுக்குச் சில விநாடி கூடுதலாக எழுதினால், உங்கள் வேகத்துக்கு ஏற்ற ஹீட் கிடைக்கும்.

இப்படிக்கு,
மாஸ்டர்ஸ் நீச்சல் பயிற்சியாளர் ஒருவர்