ஓடியா போகப் போகுது? ஓடத்தான் போகிறது, ஐயா

இலங்கையின் கிழக்கில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியளவில் ஓர் அரச ஆஸ்பத்திரியின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் என் மாமா நின்றார். அவருக்குப் பின்னால் நான். பெருங்குடலிலிருந்து சதைத்துண்டு எடுத்து ஏழு கிழமை முடிந்திருந்தது. அந்தத் துண்டைச் சோதித்துச் சொல்லும் பயொப்சி ரிப்போர்ட் வந்ததா என்று கேட்கப் போனது அது ஆறாவது தடவை. உள்ளே இருந்தவர் கொப்பியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் வரல்ல. ஏன் ஐயா இப்படி அந்தரப்படுறீங்க? அது என்ன, ஓடியா போகப் போகுது?" என்றார்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த ஜன்னல் என்று நான் எழுதப் போவதில்லை. ஆளைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கமில்லை. அந்த மனிதரும் காலையிலிருந்து நூறு பேருக்குப் பதில் சொல்லிக் களைத்திருப்பார். சதைத்துண்டு எங்கெங்கே போய் வருகிறது, அதைப் பார்த்துச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். சதைத்துண்டு எடுக்கும் அன்றே, ரிப்போர்ட் எப்போது வரும் என்று ஒரு திகதியை எழுத்தில் தாருங்கள். பிந்தினால் ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கள்.

இது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். மாமா எப்படி வருகிறார் என்று சொல்கிறேன்.

அவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரர். வயல்தான் தொழில். மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியபோது மூலம் என்று நினைத்து ஆறு மாதம் கைமருந்து செய்தார். அந்தப் பிழை எங்களுடையது, உங்களுடையதல்ல. இப்போது எந்த நேரம் வயிறு இளகும் என்று அவருக்கே தெரியாது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவார். தண்ணீர்கூட மிடறு மிடறாகத்தான். விடிய நாலு மணிக்கு எழும்பி முதல் பஸ்ஸுக்கு வருவார். ஒரு கையில் கிளினிக் கொப்பி போட்ட பிளாஸ்டிக் பை. மற்றக் கையில் இன்னொரு சொப்பிங் பை. அதற்குள் மடித்து வைத்த ஒரு சாரமும் பழைய துவாயும். பஸ்ஸில் இருக்கை கிடைத்தாலும் இருக்கமாட்டார். கறை பட்டுவிடும் என்ற பயம்.

அந்தச் சாரம் ஐந்து தடவை மடித்தபடியே வீட்டுக்குத் திரும்பியது. ஆறாவது தடவை அப்படியல்ல. கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. திறப்பு வைத்திருந்தவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நான் ஓடிப்போய்த் தேடிக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அறுபத்து நாலு வயது மனிதர், ஊரில் நாலு பேர் வந்து நியாயம் கேட்கும் மனிதர், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் ஜன்னலுக்குப் போனோம். அப்போதுதான் அந்தக் கேள்வி: ஓடியா போகப் போகுது?

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா பேசவில்லை. வீட்டு வாசலில் வைத்து ஒன்று மட்டும் கேட்டார்: "ஏன் மனே, அது உண்மையாவே ஓடுமா?"

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பொஸ்டனில் சிறுவர் ஆஸ்பத்திரியொன்றில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த ஜூடா ஃபோக்மன் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்கென்று குருதிக்குழாய்கள் வேண்டும். அவற்றைத் தன் பக்கம் வரவழைக்கக் கட்டியே சமிக்ஞை அனுப்புகிறது. அதை மறித்தால் கட்டியை அடக்கலாம் என்றார். பல வருஷம் அவரைப் பெரும்பாலானோர் பொருட்படுத்தவில்லை. அவருடைய குழுவினர் முயலின் கண்ணுக்குள் கட்டித் துணுக்குகளை வைத்துப் பார்த்தார்கள். கண்ணின் முன்னறைத் திரவத்தில் மிதந்த துணுக்கு உயிரோடுதான் இருந்தது, ஆனால் கடுகளவிலேயே நின்றுவிட்டது. கதிராளியை, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தை, ஒட்டியிருந்த துணுக்குக்கோ குருதிக்குழாய்கள் வந்து சேர்ந்தன. இரண்டு கிழமைக்குள் அது ஆயிரக்கணக்கான மடங்கு பருத்துவிட்டது.

அப்படி வரும் குழாய்களும் ஒழுங்கானவை அல்ல. கோணல்மாணலாக ஓடும், சுவரெல்லாம் பொத்தலாக இருக்கும். ஒட்சிசன் உள்ளே வரும் அதே வழியால் புற்றுக் கலங்கள் வெளியே நழுவும். எங்கள் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், யாராவது இரவோடு இரவாகப் பெரிய வாய்க்காலின் கரையை வெட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பினால், வயலுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான வட்டவிதானை விடியமுன் வந்து நிற்பார். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று சொல்லமாட்டார். வெட்டின கரையால் தண்ணீர் மட்டுமா போகும்? களைவிதையும் சேர்ந்து அடுத்த வயலுக்குப் போகும்.

போன விதையெல்லாம் முளைப்பதில்லை, அதுவும் உண்மை. மண் ஏற்க வேண்டும். 1889இலேயே லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் புற்றுநோயின் பரவலை விதையையும் மண்ணையும் வைத்துத்தான் விளக்கினார். ஆனால் குடலில் தொடங்கும் புற்றுக்குப் பாதை வெகு நேரானது. குடலிலிருந்து வரும் குருதி, ஈரல் வாயினாளம் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் இதைப் படம் வரைந்து பெயர் குறிப்பார்கள்.

ஆக, ஐயா, அது ஓடும். ஓடுவதுதான் அதன் தொழில்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஃபோக்மன் எழுதி 33 வருஷத்துக்குப் பிறகு, 2004 பெப்ரவரியில், கட்டி அனுப்பும் சமிக்ஞையை மறிக்கும் பெவசிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரவிவிட்ட பெருங்குடல் புற்றுக்குத்தான் முதல் அனுமதி. வழமையான மருந்துகளோடு அதையும் சேர்த்துக் கொடுத்த பரிசோதனையில் நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. அந்த நாலரை மாதச் சொச்சத்துக்காக எத்தனை பேர் எத்தனை இரவு ஆய்வுகூடத்தில் விழித்திருந்தார்கள்! உலகம் கைதட்டியது, சரியாகத்தான் தட்டியது. இங்கே, அந்த விலை உயர்ந்த மருந்தெல்லாம் தேவைப்படாமலே, பரவமுன் வெட்டி எடுத்தால் சுகப்படுத்தக்கூடிய நோய்க்கு, ஒரு ஜன்னலுக்கு முன்னால் ஏழு கிழமை போய்விட்டது. ஒருவரும் களவெடுக்கவில்லை, சும்மா போய்விட்டது.

இந்த ஏழு கிழமைக்குள் மாமாவின் நோய் பரவிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது புற்றுதானா என்பதே ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும். தெரியாமல் இருப்பதுதான் இங்கே பிரச்சினை. நீங்கள் பரவவில்லை என்று சொல்வதற்கும் கையில் ஒன்றுமில்லை, நான் பரவியது என்று சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

திகதி எழுதுவது கஷ்டமான வேலை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கத்துக் கட்டிடங்களில் அதை நன்றாகவே எழுதுகிறார்கள். அடிக்கல் நட்ட திகதி, திறந்து வைத்த திகதி, கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில், மூன்று மொழிகளிலும் இருக்கிறது. திறந்து வைத்தவரின் பட்டங்கள்கூட ஒன்று விடாமல். எங்களுக்குக் கல் வேண்டாம். பொன்னெழுத்து வேண்டாம். கிளினிக் கொப்பியின் ஓரத்தில் பேனையால் எழுதினால் போதும். நாடாவும் கத்தரிக்கோலும்கூடத் தேவையில்லை.

மன்னிக்க வேண்டும், எழுத வந்தது இதையல்ல. கோபத்தில் பேனை கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. வாட்டில் வேலை செய்யும் தாதியர் மாமாவைத் தங்கள் தகப்பனைப் போலப் பார்த்தார்கள். குழாய் விட்டுப் பார்த்த வைத்தியர் இரண்டு நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். ஐந்து சதமும் வாங்காமல் இவ்வளவும் செய்கிற நாட்டில் இருக்கிறோம் என்பதை நான் மறக்கவில்லை. அவர்களுடைய உழைப்பு இடையில் ஒரு கொப்பிக்குள் மாட்டிக்கொண்டு நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகவே தயவுசெய்து, சதைத்துண்டு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அன்றே ஒரு திகதி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சொன்ன திகதிக்கு வராவிட்டால் போனில் அறிவிக்க ஒருவரைப் போடுங்கள். அப்புறம், முடிந்தால், அந்தக் கழிப்பறைத் திறப்பையும் கதவிலேயே விடச் சொல்லுங்கள்.

மாமாவை வருகிற செவ்வாய்க்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மத்தியானத்தோடு அவர் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். அதற்கு முன் யாராவது ஒரு போன் எடுத்து, ரிப்போர்ட் வந்துவிட்டது என்றோ, இன்ன திகதிக்கு வரும், அதுவரை வர வேண்டாம் என்றோ சொன்னால், அன்றிரவு அவர் வயிறாரச் சாப்பிடுவார். அவருடைய நம்பர் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து,
அவருடைய மருமகன்