ஐந்தாம் வசனத்தையும் வாசியுங்கள், ஐயா

எங்கள் சபையின் போதகர் ஐயா அவர்களுக்கும், மூப்பர்களுக்கும், கட்டட நிதிக் குழுவில் இருக்கும் சகோதரர்களுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

பொருத்தனை அட்டை (இவ்வளவு தருகிறேன் என்று கர்த்தருக்கு வாக்குக் கொடுத்து எழுதும் அட்டை) கொடுத்த அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லாரும் மேடையில்தான் இருந்தீர்கள். கட்டட நிதிக்குப் பொருத்தனை பண்ணுகிறவர்களை எழுந்து நிற்கச் சொன்னதும், நின்றவர்களுக்குச் சபை கைதட்டியதும், உட்கார்ந்தே இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு பகுதி மட்டும் உங்கள் காதுக்கு வந்திருக்காது. பெயர் எதையும் எழுதாமல் அதைச் சொல்கிறேன்.

காணிக்கை எண்ணுகிறவர்களில் நானும் ஒருவன். பதினோரு வருடமாக எண்ணுகிறேன். பழகிய கைக்கு உறையைத் தொட்டாலே சில விஷயம் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் சேர்த்த பணம் மடிப்பு மடிப்பாக, சின்ன நோட்டும் பெரிய நோட்டும் கலந்து இருக்கும். அந்த வாரம் வந்த ஓர் உறையில் எல்லாமே பெரிய நோட்டு. ஒரே கட்டிலிருந்து உருவியது போல வரிசை எண்கூட அடுத்தடுத்து இருந்தது. மேலே இருந்த பெயர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு விதவைத் தாயுடையது. இவ்வளவு பணம் மொத்தமாக எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. எண்ணினேன், பேரேட்டில் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். ஆகவே இந்த மடலில் இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு என்மேலேயே எனக்கு இருக்கும் கோபம்தான்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சகோதரி வீட்டுக்கு வந்தார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கப் போவதாகவும், ஜாமீன் கையெழுத்துப் போட முடியுமா என்றும் கேட்டார். முதல் கடன் எதற்கு வாங்கினீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பொருத்தனைக்குத்தான் அண்ணா" என்றார். "செலுத்தத் தாமதிக்கக் கூடாதுன்னு வசனம் இருக்கே. ஐயா அதைத்தானே வாசிச்சாங்க."

வட்டி, மாதம் நூற்றுக்கு ஐந்து. வருடத்துக்கு 60 சதவீதம். வட்டியை மட்டும் 20 மாதம் கட்டினால், வாங்கிய தொகை அளவு பணம் கையை விட்டுப் போயிருக்கும். அசல் அசையாமல் அப்படியே நிற்கும். அந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டியபோது அவர் அழவில்லை. "இது தெரியாதே அண்ணா" என்று மட்டும் சொன்னார். பல வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் சபைக்கு வருகிறவர். சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லுவார். வட்டி எப்படி வளரும் என்பதை மட்டும் நாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. "கடன் வாங்கி யாரும் காணிக்கை போட வேண்டாம், கடனில் இருப்பவர்கள் முதலில் கடனை அடையுங்கள், கர்த்தர் வருத்தப்பட மாட்டார்" என்று பிரசங்க மேடையிலிருந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நீங்கள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் சொன்னால் அது ஒரு கணக்குப் பிள்ளையின் கருத்து. நீங்கள் சொன்னால் அந்தச் சகோதரி ராத்திரி தூங்குவார்.

அன்று வாசிக்கப்பட்டது பிரசங்கி 5:4. தேவனுக்குப் பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே என்கிற வசனம். மறுக்கவில்லை, அது வேதத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வசனமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது: நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப் பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம். இரண்டு வசனம் மேலே போனால், தேவ சமுகத்தில் அவசரப்பட்டு வார்த்தையை விடாதே என்ற எச்சரிப்பும் இருக்கிறது. இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்கும்போது, மூன்று நிமிடத்தில் ஓர் அட்டையை நிரப்பச் சொல்வதற்கு அவசரம் என்றல்லாமல் வேறு என்ன பெயர் வைப்பது? நான்காம் வசனம் வாசிக்க நேரம் இருந்தது. ஐந்தாம் வசனத்துக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது.

இன்னொரு விதவையைப் பற்றியும் அந்த மாதமே பிரசங்கித்தீர்கள். இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரம். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். அவளிடம் ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை. வெறும் பாத்திரங்களைப் பற்றி அருமையாகப் பேசினீர்கள். விசுவாசம் இருந்தால் பாத்திரம் நிரம்பும் என்றீர்கள். அதோடு முடித்துவிட்டுக் காணிக்கைப் பாட்டுக்குப் போய்விட்டோம். ஏழாம் வசனம் என்ன சொல்கிறது ஐயா? எலிசா அவளிடம், போய் எண்ணெயை விற்று உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள் என்கிறார். முதலில் கடன். அப்புறம் அவளும் பிள்ளைகளும். அற்புதம் செய்த தீர்க்கதரிசி தன் பங்கு இவ்வளவு என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவளும் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் மனைவி, அதாவது ஓர் ஊழியக்காரரின் விதவை. குடும்பம் எப்படிக் கடனில் விழுந்தது என்று எலிசா விசாரணை வைக்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். நம்மிடம் வரும் சகோதரிகளை அப்படி ஒரு கேள்வி நாம் கேட்டதுண்டா?

கேட்காததால் நானே கேட்டேன். ஜாமீன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். பிறனுக்காகப் பிணைப்பட்டவன் வேட்டைக்காரன் கைக்குத் தப்பும் மான் மாதிரி தப்பித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் சொல்வது எனக்கும்தானே. கையெழுத்துக்குப் பதிலாக அவரோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் வரவு செலவு எழுதினோம். அவர் வாழ்க்கையில் முதல் முறையாக. ஊதாரித்தனம் எதுவும் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அது திடீர்ச் செலவாகத்தான் வந்து விழுந்திருக்கிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனியாக வைத்திருந்தால் அது அப்படித் திடீரென்று வந்து விழுந்திருக்காது. வட்டிக் கடனை அடைப்பதற்கு முந்தி வேறு எதிலும் பணம் போடக் கூடாது, அடைத்தபின் ஒரு மாதச் செலவை ஒதுக்கி வைக்க வேண்டும், பிறகு அதை மெல்ல மூன்று மாதச் செலவாக்க வேண்டும் என்று எழுதினோம். எழுதி முடித்ததும் அவர் கேட்டார்: "அப்போ கடன் தீருகிற வரைக்கும் தசமபாகம் எப்படி அண்ணா?"

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருக்குக் கொடுப்பதைப் பற்றிய அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, கொடுக்க மனவிருப்பம் இருந்தால் அது இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். கடன் வாங்கிய பணம் "உள்ளது" ஆகுமா? நீங்களே சொல்லுங்கள்.

தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையைப் பற்றி யாராவது எனக்கு நினைவூட்டலாம். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்தக் கதைக்கு முந்தின வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அந்த வரிசையில் சேர்த்து வாசித்தால், அவர் அந்தப் பெண்ணின் மனதைப் பாராட்டினாரே தவிர, அவளிடம் அட்டை நீட்டியவர்களைப் பாராட்டவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த இரண்டு காசும் அவளுடையது, வட்டிக்கு வாங்கியது அல்ல.

சேமிப்பைப் பற்றி நம் மேடையில் நான் கேட்ட கடைசிச் செய்தி, நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்பது. வங்கியில் போட்டு வைக்கிறவன் கர்த்தரை நம்பாதவன் என்கிற தொனியில் போயிற்று. ஆமென் சத்தம் பலமாக இருந்தது. சபையின் பெயரில் இருக்கும் வைப்புநிதிகளின் ரசீது எல்லாம் நான் சாவி வைத்திருக்கும் அலமாரியில்தான் இருக்கிறது ஐயா. கட்டடத்துக்குத் தீ விபத்துக் காப்பீடு வருடந்தோறும் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. மிக நல்ல காரியம். சபை நாளைக்காக ஞானமாகச் சேமிக்கலாம், சபையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சேமித்தால் விசுவாசக் குறைவு என்றால், எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்று சொன்னது சபைக் குழுவுக்கு மட்டுமா? பார்வோனிடம் யோசேப்பு, ஏழு செழிப்பான வருடங்களிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வையுங்கள் என்றுதான் சொன்னான். பஞ்சம் வரட்டும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. தனக்கென்று களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானை மதிகேடன் என்று வேதம் சொல்வதும் எனக்குத் தெரியும். பேராசைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அல்ல நம் மக்கள். அந்த வித்தியாசத்தை நாம்தான் மேடையில் அழித்துவிட்டோம்.

இதைச் சொல்லும்போது சாட்சி நேரமும் ஞாபகம் வருகிறது. கடனில் கார் வாங்கினவர் சாட்சி சொல்கிறார். தவணையில் வீடு வாங்கினவர் சாட்சி சொல்கிறார். பத்து வருடம் கையைக் கட்டிச் செலவு பண்ணிக் கடனை அடைத்தவர் சாட்சி சொல்லி நான் கேட்டதே இல்லை. பணம் சீக்கிரம் இரட்டிப்பாகும் என்று ஒரு சகோதரர் கொண்டுவந்த திட்டத்தில் சபையில் எத்தனை பேர் போட்டார்கள், அவர் ஏன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரே வேதாகமத்தை வைத்திருக்கிறார் என்பதற்காகவே ஒருவரிடம் பத்திரம் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஐசுவரியவானாகத் தீவிரிக்கிறவனைப் பற்றி நீதிமொழிகள் 28:20 எச்சரிப்பதை அன்றைக்கு ஒருவர் வாசித்திருந்தால்... சரி, விஷயத்தை விட்டு விலகிப் போகிறேன். மன்னிக்கவும்.

போதகர்கள் பணத்தைப் பற்றிப் பேசினால் ஆவிக்குரிய காரியம் கெட்டுப்போகும் என்று ஒரு மூப்பர் என்னிடம் சொன்னார். காணிக்கையைப் பற்றிப் பேசும்போது அந்தக் கவலை வருவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். 1810-இல் ஸ்காட்லாந்தின் ரத்வெல் என்கிற சின்னக் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற போதகர் தன் சபை மக்களுக்காகவே ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். பெரிய வங்கிகள் ஏழைகளின் சில்லறையைத் திரும்பிப் பார்க்காத காலம். இவருடைய வங்கியில் 6 பென்ஸ் இருந்தால் கணக்குத் திறக்கலாம். கூலிக்காரர்களும் வீட்டு வேலைக்காரர்களும் நோய்க்கும் முதுமைக்கும் அங்கே சேர்த்து வைத்தார்கள். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. அவருக்கும் முன்னே, 1744-இல், அதே ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள், ஊழியர்களின் விதவைகளுக்கென ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். வருடத்துக்கு எத்தனை போதகர்கள் இறப்பார்கள், எத்தனை விதவைகள் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொருவரும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஜெபமும் செய்தார்கள், கணக்கும் போட்டார்கள்.

நீங்கள் வங்கி தொடங்க வேண்டாம். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் சபையில் இருக்கிறோம், மாதம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து யாருக்கு வேண்டுமானாலும் நோட்டு எழுதிக் கொடுக்கத் தயார். உங்களிடம் கேட்பது அந்த ஒரு வாக்கியம்தான். கடன் வாங்கிக் காணிக்கை போட வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஏற்கெனவே அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்கள் வெட்கமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி செய்யுங்கள். பெயரைப் பலகையில் ஒட்டிப் பாக்கி என்று போடுவதை நிறுத்துங்கள். இந்தச் சகோதரியின் உறையில் வந்த தொகையைத் திருப்பிக் கொடுக்கக் குழு சம்மதித்தால், பேரேட்டில் அதை எழுதும் வேலையைச் சந்தோஷமாகச் செய்வேன். திருப்பிக் கொடுத்தால் முன்மாதிரி ஆகிவிடும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆகட்டுமே.

என் வார்த்தைகள் எங்காவது வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியத்தின் பாரம் எவ்வளவு என்பதை அறியாதவன் அல்ல நான். கட்டடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகுகிற இடத்துக்குக் கீழேதான் என் நாற்காலியும் இருக்கிறது.

அடுத்த மாதத்துக்கான அட்டைகள் அச்சாகி வந்துவிட்டன. நேற்று பார்த்தேன். முன்பக்கம் முழுவதும் வசனமும் படமும். பின்பக்கம் காலியாக இருக்கிறது. அந்த வாக்கியத்தை அங்கே ஒரு ரப்பர் முத்திரையாக அடிக்கலாம். அனுமதி கொடுத்தால் சனிக்கிழமை நானே வந்து உட்கார்ந்து அடித்துக் கொடுக்கிறேன்.

தாழ்மையுடன்,
காணிக்கை எண்ணுகிறவர்களில் ஒருவன்