நூலுக்கு இருக்கும் பாதுகாப்பு இணைய ஆய்வுக்கு இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியத் தோட்டப்புறப் பாடல்களைத் தொகுத்துப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத்தில் ஏற்றிய ஆய்வுக்கு, பால்மரம் (ரப்பர்) சீவிய என் அம்மாவும் தாலாட்டு பாடிக் கொடுத்தார். வரைபடத்தில் தோட்டத்தின் பெயரைத் தொட்டால் அவர் குரல் ஒலிக்கும். இடையில் வந்த இருமலைக்கூட வெட்டாமல் வைத்திருந்தார்கள். பிறகு நிதி முடிந்தது, மாணவியும் பட்டம் பெற்றுப் போய்விட்டார். வரைபடம் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்தது. 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டதும் வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான் மிஞ்சியது. இப்போது தளமே இல்லை. கேட்டால், "சர்வர் மாற்றியபோது போயிருக்கும்" என்கிறார்கள், ஏதோ பழைய நாற்காலியைத் தூக்கிப் போட்டதுபோல!

அச்சிட்ட நூல் என்றால் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்திடம் படிகளை ஒப்படைத்தாக வேண்டும். இதற்கு? 2001இல் தமிழ் இணைய மாநாட்டையே கோலாலம்பூரில் நடத்திய நாடு இது. பாடிய பாட்டிமார் பலர் இன்று உயிரோடு இல்லை. மறுபடி பதிவு செய்ய வழியில்லை. ஆய்வுக்கு நிதி கொடுக்கும்போதே மூல ஒலிப்பதிவு, யூனிகோடு எழுத்துப்படி, யார் எந்தத் தோட்டத்தில் பாடினார் என்ற குறிப்பு எல்லாவற்றையும் நூலகத்தில் ஒப்படைக்க நிபந்தனை போடலாமே. தளத்தின் அலங்காரம் போனால் போகட்டும், ஒலிக் கோப்பு இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
நிபோங் திபால், பினாங்கு