பொருள்: ஃபோகஸ் பிடிக்காத ஸ்மார்ட் டெலஸ்கோப்பை மாற்றித் தருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலங்காயத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன டிசம்பரில் அறுபதாயிரத்துக்கு மேல் கொடுத்து உங்கள் டெலஸ்கோப்பை வாங்கினேன். பில் நகலும் வீடியோவும் இணைத்துள்ளேன். போனிலும் மெயிலிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

செயலியில் ஓரியன் நெபுலாவை, அதாவது ஓரியன் விண்மீன் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகத்தை, தொட்டால் கருவி தானே அந்தப் பக்கம் திரும்புகிறது. ஆட்டோ ஃபோகஸ் தொடங்கியதும் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கிறது, மோட்டார் பாதியில் நின்றுவிடுகிறது. நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் வளையல் வளையலாகத் தெரிகின்றன. அதனால் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதே கருவிக்குப் பிடிபடுவதில்லை. பத்துப் பத்து விநாடிப் படங்களாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே தெளிவான படமாக்க வேண்டியது, ஒன்றைக்கூட அடுக்கவில்லை.

இதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன பதில், "மேகமாக இருக்கும் சார்." 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் காவலூர் வானாய்வகம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பனிக்காலத்தில் இந்த வானம் எப்படி இருக்கும் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டப்பகலில் எதிர்மலையைப் பார்த்து வைத்தாலும் இதே சத்தம், இதே மங்கல். பகலில் எந்த மேகம் வந்து மறைத்தது?

சென்னை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துவரச் சொன்னதும் நீங்கள்தான். கடையை மூடிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வரவேற்பில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இந்த மாடலுக்கு இங்கே ஆள் கிடையாது, பெங்களூருக்கு அனுப்பணும், கூரியர் செலவு உங்களோடது" என்றார். வாரண்டி இருக்கும்போது நான் ஏன் கொடுக்க வேண்டும்? அதை முதலிலேயே போனில் சொல்வதற்கு என்ன?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். உங்கள் ஹெல்ப்லைனில் ஒருவர், "சார், முதல்ல ஃபோகஸ்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டதை மட்டும் மறக்க முடியவில்லை. ஃபோகஸ் பிடித்துத்தான் இருபது வருஷமாக என் வீட்டில் அடுப்பு எரிகிறது. கேட்டதோடு விட்டாரா? "வாடிக்கையாளர் பதில் தரவில்லை" என்று எழுதிப் புகாரையும் மூடிவிட்டார். கருவி என்ன செய்தது என்பதைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைச் செயலி வழியாக அனுப்பினேன், அதை ஒருவரும் திறந்ததாகத் தெரியவில்லை.

அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் இந்த வேலைக்கு உதவும். அவை எல்லாம் வீணாகிவிட்டன. ஓரியனும் மேற்கே இறங்கிவிட்டது, இனி டிசம்பர்தான். ஒரு வருஷ வானத்தையே என்னிடமிருந்து பறித்துவிட்டீர்கள். நெபுலா படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்டுவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது யார் கேட்டாலும் பதில் இல்லை.

தயவுசெய்து 15 நாளுக்குள் புதிய கருவி அனுப்புங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் சென்னைக்கு வந்துபோன செலவையும் திருப்பித் தாருங்கள். ரிப்பேர் செய்த பழையது வேண்டாம். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும், அப்புறம் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அப்போது பஸ் ஏறி வர வேண்டியது நீங்கள்தான். அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாக உங்கள் ஹெல்ப்லைனே சொல்கிறது. அந்த நபர் பேசியதை ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அவரிடமிருந்து எழுத்துமூலம் மன்னிப்பும் வேண்டும்.