மணியோடு வரும் கடிதம்

ஏற்காடு
மார்ச் 5

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நம் நாய் மணியைக் காரில் ஏற்றிக்கொண்டு கீழே சேலத்துக்கு வருகிறார். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் வாந்தி எடுக்காமல் இருக்க வேண்டும் என்பதால் அன்று காலை அவனுக்குச் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும்தான். வந்து இறங்கியதும் பட்டினி கிடந்தவன் மாதிரி பார்ப்பான். உடனே தட்டை நீட்டாதே. ஒரு மணி நேரம் படுத்து எழட்டும், பிறகு பாதி அளவு போடு.

போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவை, மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முதலில் வெயில். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், சேலத்தில் உன் அஸ்தம்பட்டி 300 மீட்டர்கூட இல்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் அவனுக்கு ஊரே மாறிவிடுகிறது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் கசிவதோடு சரி, மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். அதிலும் 34 கிலோ உடம்பு, மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு முடி. முதல் மூன்று வாரம் நடை 15 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். காலையில் ஆறரைக்குள் திரும்பிவிடு, சாயங்காலம் ஏழுக்கு மேல் கிளம்பு. புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு எண்ணும்வரை வைத்துப் பார். உன்னால் வைக்க முடியவில்லை என்றால் அவனாலும் கால் வைக்க முடியாது. மொட்டை மாடியில் கட்டிப்போடுவது அறவே கூடாது. பகல் சூட்டைக் குடித்த கான்கிரீட் ராத்திரி வெகுநேரம் வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். கடைக்கு ஐந்து நிமிஷம்தானே என்று காரில் விட்டுப் போவதும் கூடாது.

வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அந்த மேல்முடிதான் அவனுக்குக் குடை. உள்ளே உதிர்ந்து அடைந்து கிடக்கும் பஞ்சு முடியை மட்டும் வாரத்தில் மூன்று நாள் சீவி எடுத்துவிட்டால் தோலுக்குக் காற்று போகும். மார்ச், ஏப்ரலில் கைநிறைய வரும், பயப்படாதே.

சூடு ஏறிவிட்டால் தெரியும். நாக்கு அகலமாகி அடர்சிவப்பாகத் தொங்கும், எச்சில் நூல் நூலாக வடியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான், பின்னங்கால் தள்ளாடும். அப்போது டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்காதே, முதலில் தண்ணீர். நிழலில் படுக்கவைத்துக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, கழுத்து என்று உடம்பு முழுவதும் ஊற்றிக்கொண்டே இரு, ஃபேனைப் பக்கத்தில் இழுத்துவை. ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் குடிக்கக் கொடு, வாயில் ஊற்றாதே. தெர்மாமீட்டர் 103 டிகிரி காட்டியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போ. எழுந்து வாலாட்டினாலும் போகத்தான் வேண்டும், சிறுநீரகத்தில் பட்ட அடி மறுநாள்தான் தெரியும். அவனுடைய சாதாரண சூடு 101 முதல் 102.5 வரை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் பையில் இருக்கிறது. நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் நுழைத்து, பீப் சத்தம் வரும்வரை பிடித்துக்கொள். மூக்கு ஈரமா, காதில் சூடா என்று பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது.

மற்றதில் எதை மறந்தாலும் இதை மறக்காதே: ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் அவன் உடம்பில் கை ஓட வேண்டும். எப்போதும் ஒரே வரிசையில் மூக்கிலிருந்து வால் வரை. நேற்று எப்படி இருந்தது என்று கைக்கு நினைவிருந்தால்தான் இன்று மாறியிருப்பது தெரியும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெள்ளைத் தடம் இரண்டு வினாடிக்குள் மறைய வேண்டும். காதுக்குள் மோந்து பார், புளித்த வாடை வந்தால் புண் ஆரம்பம். கழுத்துப்பட்டையைக் கழற்றி அடியில் தடவு. அக்குள், தொடையிடுக்கு, வாலுக்கு அடியில், ஒவ்வொரு விரலிடுக்கும். விலா எலும்பு, விரித்த கையின் புறங்கை எலும்புபோல் கையில் பட வேண்டும். தேடினால்தான் கிடைக்கிறது என்றால் சோறு கூடிப்போயிற்று, கண்ணுக்கே தெரிகிறது என்றால் குறைந்துபோயிற்று. அவன் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணி எழுதிவை. 30-ஐத் தாண்டக்கூடாது.

விரலிடுக்கைச் சொன்னது உண்ணிக்காக. சேலம் வெயிலும் சுவர் விரிசலும் அதற்குச் சொர்க்கம். முதலில் மிளகில் பாதி இருக்கும், தடவும்போது மருபோல் தட்டுப்படும். ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டைபோல் சாம்பல் நிறத்தில் உப்பியதும் தானே கழன்று விழுந்து, சுவர் இடுக்கில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டில். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. கொட்டகைச் சுவர் விரிசலை சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல், படுக்கை உறையை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கி வெயிலில் போடு. பிடுங்கும்போது சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. முறுக்காதே, நகத்தால் நசுக்காதே, மண்ணெண்ணெய் ஊற்றாதே. எடுத்ததை சோப்புத் தண்ணீரில் போடு.

உண்ணி மாத்திரை மாதம் ஒன்று, எடை பார்த்து டாக்டர் எழுதியதுதான் கொடுக்க வேண்டும். வலிப்பு வரும் நாய்க்கு அந்த மாத்திரை ஆகாது. மணிக்கு அந்தத் தொல்லை இல்லை. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டச் சொல்வார்கள். கணக்கு தப்பினாலோ நக்கினாலோ எச்சில் வடிந்து உடம்பு உதறத் தொடங்கிவிடும், அதைத் தொடவே வேண்டாம்.

சாப்பாட்டில் மனசில்லாமல், 103-க்கு மேல் காய்ச்சலோடு, ஈறு வெளிறியோ மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தோ இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடு. டாக்சிசைக்ளின் என்று எழுதினால் அது பெரும்பாலும் நான்கு வார மருந்து. ஐந்தாம் நாளே நன்றாகச் சாப்பிட ஆரம்பிப்பான், அங்கேதான் எல்லோரும் நிறுத்திவிட்டு மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். மாத்திரையைச் சோற்றுக்குள் வைத்துக் கொடு, தயிரிலும் பாலிலும் வேண்டாம், மருந்து உடம்பில் முழுதாகச் சேராது. வெறும் வாயில் போட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

அடுத்தது இரைப்பை முறுக்கு. அல்சேஷன்போல் மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிற்றில் காற்று நிறைந்து, இரைப்பையே திருகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் ஆள் போய்விடும். அடையாளம் ஒன்றே ஒன்றை மனதில் வை: திரும்பத் திரும்ப ஓங்கரிப்பான், நுரையைத் தவிர ஒன்றும் வராது. கூடவே படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்காருவான், விலாவுக்குப் பின்னால் தட்டினால் மத்தளம்போல் கேட்கும். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம், விடியட்டும் என்று இருக்காதே, அறுவை சிகிச்சையைத் தவிர வழி இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 50 கிலோமீட்டருக்கு மேல். அதனால் இந்த வாரமே உன் பக்கத்து டாக்டர்கள் இரண்டு பேரிடம், ‘இரைப்பை முறுக்குக்கு ஆபரேஷன் செய்வீர்களா, ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பீர்களா’ என்று கேட்டு வைத்துக்கொள்.

இதைத் தவிர்க்கத்தான் இரண்டு வேளைச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டமும் பந்தும் கிடையாது. அவன் அள்ளி விழுங்குகிற ஆள், பெரிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, சுற்றிலும் பரப்பிப் போடு.

அளவு, ஒரு நாளைக்கு: 200 கிராம் அரிசி குழைய வடித்தது, எலும்பில்லாத கோழி 350 கிராம், முட்டை இரண்டு, பூசணியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கறியும் சோறும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது. அதனால் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு தலைதட்டி ஒரு தேக்கரண்டி. கடைத் தீனி என்றால் 400 முதல் 450 கிராம், அப்போது முட்டை ஓடு வேண்டாம். (உன் தோழி குட்டி வாங்கப்போகிறாள் என்றாயே, அவளிடம் சொல்: பெரிய இனக் குட்டிக்குக் குட்டித் தீனி போட்டுக்கொண்டே கால்சியம் பாட்டிலும் ஊற்றினால் எலும்பு கோணும்.) தண்ணீர் இரண்டு லிட்டர் சாதாரணமாகவே குடிப்பான், வெயிலில் மூன்றுகூட ஆகும். இரண்டு இடத்தில் வை.

மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு: சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வந்தால் அவனுக்கு ஒரு துண்டுகூடக் கூடாது. அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் வெந்ததானாலும் பச்சையானாலும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளிறி சிறுநீர் சிவக்கும். திராட்சை, சாக்லேட், காபி டிகாக்ஷன் சக்கை, பச்சை மரவள்ளிக்கிழங்குத் தோல், பிரியாணியின் வெந்த எலும்பு, எதுவும் எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. குப்பைக்கூடைக்கு மூடி வாங்கு.

உன் வீட்டு டைல்ஸ் வழவழப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பின்னங்கால் வழுக்கி வழுக்கியே இடுப்பு மூட்டு தேயும். அவன் நடக்கும் தடத்தில் ரப்பர் பாய் விரி. தரையில் ‘டக் டக்’ என்று நகம் கேட்டால் வெட்டும் நேரம். அவனுக்குக் கறுப்பு நகம், நரம்பு வெளியே தெரியாது. மெல்லிய சீவலாக வெட்டிக்கொண்டே வா, வெட்டுமுகத்தின் நடுவில் கருமையாக ஒரு புள்ளி வந்ததும் நிறுத்து. ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடி. உள்பக்கம் தூக்கி நிற்கும் ஐந்தாம் விரலை மறந்தால் நகம் வளைந்து சதையில் குத்திவிடும். குளியல் மாதம் ஒன்று, நாய் ஷாம்பூவில். அடிமுடிவரை உலராவிட்டால் தோலில் புண் வரும்.

வலிக்கிறது, நொண்டுகிறான் என்று உன் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையும் கொடுக்காதே. புரூஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நமக்குச் சாதுவான பாராசிட்டமாலும் வேண்டாம், அது அவன் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும்.

ரேபீஸ் ஊசியும் எலிக்காய்ச்சல் சேர்ந்த கலவை ஊசியும் ஜூனில் வருகிறது, தேதி மஞ்சள் புத்தகத்தில் இருக்கிறது. பூச்சி மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்தது ஏப்ரல் முதல் வாரம். எடை தெரியாமல் கொடுக்காதே. அரிசி மண்டித் தராசில் நிறுத்தினால் சமர்த்தாக நிற்பான்.

பையில் சீப்பு, இடுக்கி, நகவெட்டி, தெர்மாமீட்டர், அவன் பழைய போர்வை. போர்வையை மட்டும் முதல் வாரம் துவைக்காதே.

அன்புடன்,
அம்மா

பி.கு.: மாம்பழ சீசன் வந்துவிட்டால் சதையை இரண்டு துண்டு கொடு, தப்பில்லை. கொட்டையை மட்டும் எண்ணி எடுத்துப் போடு. சப்பிக்கொண்டே முழுங்கிவிட்டால் குடலை அடைத்துக்கொள்ளும்.